அணிந்து பார்த்தவர்: செண்பகம்

திரும்பி வந்த மூன்று அட்டைப்பெட்டிகளையும் ஷேர் ஆட்டோக்காரர் ஷெட்டு வாசலில் இறக்கிவைத்தபோது, செண்பகம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாப்கின்களை எட்டு எட்டாக உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியின் டேப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒட்டிய டேப்தான். பிரிக்கிறவர்கள் நகத்தால் சுரண்டிக் கஷ்டப்படக் கூடாது என்று ஓரத்தைக் கொஞ்சம் மடித்துவிட்டு ஒட்டுவது அவளுடைய பழக்கம். பதினைந்து நாளுக்கு முன்னால் ஊத்துக்கோட்டை சாலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போன பெட்டிகள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். செண்பகத்துக்கு நெஞ்சு குறுகுறுக்கக்கூட இல்லை, அவ்வளவு அலுப்பு. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாள். முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

மெஹர்னிசா போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். ஷெட்டு அவளுடையது. முப்பத்தைந்து வயது, வேதியியல் படித்தவள், பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"செண்பாக்கா, அந்த நோட்டக் கொஞ்சம் எடுங்க."

செண்பகம் மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

நோட்டின் கதையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கம், இரும்பு உருக்குகிற ஆலைகளின் புகை மத்தியானத்துக்குள் கொடித் துணியைப் பழுப்பாக்கிவிடுகிற இடத்தில், வாழை நாரில் நாப்கின் செய்கிற ஷெட்டு அது. சுத்தத்தை விற்க நல்ல இடம் பார்த்தாள் என்று சொந்தக்காரர்கள் மெஹர்னிசாவைக் கேலி செய்ததுண்டு. ஆரணியிலிருந்து சுப்பராயன் என்பவர் குலை வெட்டிய வாழை மரத்தின் பட்டையை மெஷினில் சீவி நாராக்கி அனுப்புவார். அதைச் சோடா உப்புப் போட்டு அண்டாவில் மூன்று மணி நேரம் வேக வைக்க வேண்டும். அப்புறம் அலசி, காயவைத்து, மெஷினில் அடித்தால் பஞ்சாகும். பஞ்சை வில்லையாக அழுத்தி, பருத்தித் துணியில் வைத்துத் தைத்தால் நாப்கின். மாதத்துக்கு ஒரு பெரிய ஈடு; இந்த மாதம் வேக வைத்தது அடுத்த மாதம்தான் தைத்து முடிந்து உறைக்கு வரும். இட்லிக்குச் சொல்கிற அதே ஈடுதான். வேலை செய்கிற பெண்கள் வைத்த பெயர், முதலாளி வாயிலும் ஒட்டிக்கொண்டது.

சென்னையில் ஒரு லேபில் வருஷத்துக்கு ஒரு தரம் சோதனை உண்டு. மெஹர்னிசாவுக்கு அது போதவில்லை. அவளுடைய வாப்பா கடைக்குப் புது ரகச் சேலை வந்தால் முதலில் வீட்டுப் பெண்கள் கட்டி, துவைத்து, மறுபடி கட்டிப் பார்த்து நல்லது என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அலமாரியில் ஏறும். "மெஷினு பஸ்ஸுல ஒக்காந்து போவாதுக்கா, நாமதான் போவோம்" என்று சொல்லி, ஒவ்வொரு ஈட்டையும் ஷெட்டில் இருக்கிற ஒருத்தி மூன்று நாள் போட்டுப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்துவிட்டாள். அந்த மூன்று நாளும் அவளுக்கு அண்டா வேலை கிடையாது. மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து உறையில் போடுகிற வேலைதான். மற்றவர்கள் வேலை கெடக் கூடாது என்பதால் ஒரு நேரத்தில் ஒருத்திதான் உட்காரலாம். ஊரில் அந்த மூன்று நாளுக்கு வெளியே உட்கார வைப்பார்கள், இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார வைக்கிறார்கள் என்று முதல் மாதம் செண்பகம் சொல்லிச் சிரித்தாள்.

நான்கு பெண்களில் ஆரோக்கியமேரிக்குக் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. இன்னொருத்தி கைப்பிள்ளைக்காரி. மிச்சம் செண்பகமும் மெர்சியும். செண்பகத்துக்குத் தேதி காலண்டர் போட்டதுபோல் வரும், மறைக்காமல் சொல்லுவாள், எழுதுவதும் ஒழுங்கு. ஆகவே மூன்று வருஷமாக அவள்தான் போட்டுப் பார்க்கிறவள். அவளால் ஆகாத மாதம் மட்டும் மெர்சி. ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு போகும். 'அணிந்து பார்த்தவர்:' என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் ஊதா மையில் 'செண்பகம்' என்று ரப்பர் முத்திரை. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவளுடைய பெயர் திருவள்ளூர் ஜில்லாவில் பத்துப் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகள் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதில் அவளுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

மெஹர்னிசா நோட்டைப் புரட்டிப் படித்தாள். "கார்த்திகை ஈடு. மொத நாளு ஆறு மணி நேரம், கசிவு இல்ல. ரெண்டாம் நாளு அஞ்சு மணி நேரம், கசிவு இல்ல. மூணாம் நாளும் கசிவு இல்ல. உறுத்தல் இல்ல. சரி. செண்பகம்." மூடினாள். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. செண்பகத்தால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"தமிழ்செல்வி மிஸ் போன் பண்ணாங்க. ஒம்பதாவது படிக்கிற பொண்ணு. அரைப்பரிச்சையில மூணு மணி நேரம் ஒக்காந்திருக்கு. எழுந்தா பெஞ்சு, பாவாடை எல்லாம்... அஞ்சு நாளா ஸ்கூலுக்கே வரலையாம்." நோட்டை மேசையில் வைத்தாள். "சரியா வெச்சிருக்காது. இல்ல, காலையில வெச்சத மாத்தாம இருந்திருக்கும். சின்னப் புள்ளைங்க. நாளைக்கி நீங்களும் என்கூட வாங்கக்கா. போட்டுப் பாத்தவங்களே நேர்ல சொன்னா நம்பும். இந்த ஸ்கூல் நின்னா ஒண்ணொண்ணா மத்ததும் நின்னுடும். அப்புறம் ஷெட்ட பூட்டிட்டு நான் பழவேற்காட்டுல போய்த் துணி மடிக்க வேண்டியதுதான்."

செண்பகம் தலையை ஆட்டினாள்.

அவளுக்கு நின்றுபோய் ஆறு மாதம் ஆகிறது. ஆனி மாதம் வந்ததுதான் கடைசி. ஆடியில் வரவில்லை. நாற்பத்தெட்டு வயதுக்கு வராமல் போவதில் என்ன அதிசயம்? முதலில் ஒரு விடுதலை மாதிரிகூட இருந்தது. பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. திடீரென்று கழுத்திலிருந்து உச்சிவரை தீப்பிடித்தாற்போல் ஒரு சூடு. இரவில் தூக்கம் பாதியில் போய்விடும். முழங்கால் வீங்கிக்கொண்டது. காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் யார்டில் காவலுக்குப் போகிற புருஷன் ஆதிகேசவனுக்குக் கட்டிக் கொடுத்து, கவரைப்பேட்டையில் மின்சார ரயிலைப் பிடித்து, நின்றபடி வந்து, ஷெட்டில் நின்றபடி அண்டாவைக் கிளறி, நின்றபடி திரும்பிப் போக வேண்டும். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம், "வயசாவுதில்ல" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்ப்பார். செவ்வாப்பேட்டையில் இருக்கிற மகனிடம் சொல்கிற விஷயமா இது?

ஆடி மாதம் ஒரு காலை, அண்டாவின் ஆவியும் உள்ளே இருந்து வந்த சூடும் சேர்ந்து கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, "மேடம், இன்னிக்கி எனக்கு டேட்டு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருப்பி எடுக்க வழியில்லை. அந்த மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளே, இடுப்பு வலியோ கசிவுக் கவலையோ இல்லாமல் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் ஓய்வு அதுதான். ஆவணியிலும் சொன்னாள். புரட்டாசியிலும் சொன்னாள். இருபத்தெட்டு நாள் கணக்குத் தவறாமல் சொன்னாள். பொய்யையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சோற்றுக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, உப்புப் போட்டு, மேசை மேல் நாப்கினை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்ப்பாள். உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பாள். குடித்துக்கொள்ளும். சரி என்று எழுதுவாள். ஆனால் உள்ளங்கைக்கு என்ன எடை? அதன் மேல் ஒரு முழு மனுஷி மூன்று மணி நேரம் உட்காருவதில்லையே. நான்கு ஈடு பழுதில்லாமல் போயிற்று. போனதால் ஐந்தாவதுக்கும் துணிச்சல் வந்தது. இப்போது நடப்பது மார்கழி. இந்த நிமிஷமும் அவள் உட்கார்ந்திருப்பது ஆறாவது பொய்யின் மேல்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மெர்சி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வயது, பக்கத்துக் காலனிப் பெண், வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒன்னு சொல்றேன். மேடம் கிட்ட சொல்லிடாத."

"இன்னாடி?"

"அந்த ஈட வேக வெச்சது நானு. ஐப்பசி மழையில. மூணு மணி நேரம் வெக்கலக்கா. ரெண்டே கால்லயே அடுப்ப நிறுத்திட்டேன்."

செண்பகம் கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள். வேகாத நார் அடித்தால் பஞ்சு மாதிரிதான் தெரியும். கஞ்சியை வாங்கும். ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது, எடை ஏறினால் வாங்கினதையெல்லாம் கக்கிவிடும். முதல் வருஷம் மெஹர்னிசா இதையெல்லாம் நான்கு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"ஏன்டி நிறுத்தின?"

"எனக்கு அன்னிக்கி ரெண்டாவது நாளு. இடுப்பு கயண்டு வுயுந்துடும் போல இருந்துச்சி. ஆவியில தலைய சுத்துது. புள்ள பொறந்தப்பறம் எனக்கு டேட்டு தள்ளித் தள்ளி வந்து, இப்ப உன் நாளும் என் நாளும் ஒன்னாயிடுச்சி."

"சொல்லி இருக்கலாமே. நாற்காலி இருக்குதே."

மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஒக்காந்துக்கினு இருந்தியேக்கா. ஒருத்தருதான் ஒக்காரணும்னு ரூலு. பெரியவங்கள எய்ந்திருன்னு நான் எப்பிடி சொல்றது? அதுவும் உனக்கும் நாளு." சோற்றை ஒரு வாய் எடுத்தாள். "அப்பறம் பயந்துக்கினே இருந்தேன். நீ போட்டுப் பாத்துட்டு சரின்னு எய்தின பாரு, அன்னிக்கிதான் எனக்கு சோறு எறங்கிச்சி. நீ போட்டுக்கினப்போ நல்லாதான இருந்துச்சி?"

"ம்."

"அப்ப அந்தப் பொண்ணுதான் ஒயுங்கா வெக்கல."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று செண்பகத்தின் அம்மா அடிக்கடி சொல்லுவாள். யாருக்காவது சாபம் கொடுக்கிற குரலில் சொல்லுவாள். இத்தனை வருஷம் கழித்து அது தன் மேலேயே வந்து விழும் என்று செண்பகம் எதிர்பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்த மெர்சி இடுப்பைப் பிடித்தபடி அண்டாப் பக்கம் போனாள். இன்றைக்கும் இவளுக்கு நாள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. "நீ வந்து ஒக்காருடி, நான் கெளறுறேன்" என்று கூப்பிட்டாள். "உனக்கும் நாள்தானே, பேசாம ஒக்காரு" என்று மெர்சி திரும்பாமலே சொன்னாள். மேலே எதைச் சொல்லி எழுந்திருப்பது? காரணம் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது, காரணத்தைச் சொல்லத் தைரியம் இல்லை. உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலி அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மெஹர்னிசாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போனாள். லாரிகளுக்கு இடையில் வளைந்து வளைந்து போகும்போது வழக்கம்போல் மெஹர்னிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பனி இன்னும் விலகவில்லை. மெஹர்னிசா தலையைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்ணைத் திட்டுகிற மாதிரி ஆகிவிடக் கூடாது, பக்குவமாகச் சொல்ல வேண்டும், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்ல வேண்டும். செண்பகம் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். வழியிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஹாரன் அடிக்காவிட்டால் மட்டும் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம்.

விளையாட்டுச் சாமான்கள் வைக்கிற அறையில் உட்கார வைத்தார்கள். காற்றுப் போன பந்துகள், கயிறு, ஒரு மூலையில் கேரம் போர்டு. தமிழ்செல்வி டீச்சர் நல்ல மாதிரி. கோபம் இருந்தது, ஆனால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கோபத்தைக் காட்டினாள். "எங்க பேச்சக் கேட்டுதான் புள்ளைங்க இத வாங்குதுங்க. நாளைக்கி எங்க மூஞ்சிலதான முழிக்கணும்?" என்றாள். பிறகு வெளியே போய், வீட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்திருந்த அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பெயர் சுமலதா. ஒல்லியாக, உயரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். மேல்சட்டை ஒரு வெளுப்பு, பாவாடை வேறு வெளுப்பு. பாவாடை மட்டும் யாரிடமோ வாங்கியது என்று செண்பகத்துக்குப் பார்த்ததும் தெரிந்தது. உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்று தலையசைத்தாள். பரீட்சை முடிந்து மணி அடித்த பிறகும் எழுந்திருக்காமல், ஹால் காலியாகிற வரைக்கும், அப்புறம் ஹாலைக் கூட்டுகிற அம்மா வந்து தட்டுகிற வரைக்கும் இவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று டீச்சர் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் கேரம் போர்டையே பார்த்தாள்.

மெஹர்னிசா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காத கண்ணு. எங்களுக்கும் ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா இதே ஈடு, இதே மாதிரி, இவங்க ஆறு மணி நேரம் போட்டிருந்தாங்க. ஒண்ணும் ஆகல. அதனால கேக்கறேன், நீ வெச்சதுல ஏதாவது..."

"செண்பகம்னா இவங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பசுக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்தாள். ஊதா முத்திரை. நான்காக மடித்த தடம் இருந்தது. "பேரு போட்டிருந்துச்சா. யாரோ ஒரு ஆன்ட்டி போட்டுப் பாத்து அனுப்பிருக்காங்கன்னு... அதான் பரிச்ச அன்னிக்கி பயமில்லாம போனேன்." சொல்லிவிட்டு, பெரியவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டவள்போல் அவசரமாகத் தலையை ஆட்டினாள். "நான்தான் மிஸ் சரியா வெக்கல. இனிமே சரியா வெச்சிக்கறேன்."

அந்தத் தலையாட்டலைச் செண்பகத்தால் தாங்க முடியவில்லை. மெர்சி பெயர் வரக் கூடாது, வேலை போகக் கூடாது, ஷெட்டு மூடக் கூடாது என்று ராத்திரி முழுக்கப் போட்ட கணக்கெல்லாம் அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று. ஒன்றும் செய்யாத பெண் பழியை ஏற்றுக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"மேடம், அத நான் போட்டுப் பாக்கல."

மெஹர்னிசாவுக்குப் புரியவில்லை. "எதக்கா?"

"எனக்கு ஆனி மாசமே நின்னுபோச்சி. ஆடியிலேர்ந்து நோட்டுல சும்மாதான் எய்திக்கினு இருந்தேன். மேச மேல வெச்சி கஞ்சி ஊத்திப் பாத்தேன். அவ்ளோதான்." பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ சரியாதான் வெச்சிருப்ப பாப்பா. உன் தப்பு ஒன்னுமே இல்ல."

வெளியே எந்த வகுப்பிலோ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நாற்காலியில் சாய்ந்தாள். மெஹர்னிசா இன்னும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்திருப்பதை மறந்தவள்போல். சுமலதாதான் கேட்டாள், கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும்.

"ஏன் ஆன்ட்டி?"

செண்பகம் ராத்திரியெல்லாம் பல பதில்கள் யோசித்து வைத்திருந்தாள். ஷெட்டுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று, சொல்ல வெட்கமாக இருந்தது என்று. ஒன்றும் வாயில் வரவில்லை.

"கொஞ்ச நேரம் ஒக்காரணும்னு இருந்துச்சிம்மா" என்றாள்.

திரும்பி வரும்போது தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மெஹர்னிசா எஞ்சினை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல், "அஞ்சு ஈடுக்கா" என்றாள். "அஞ்சு ஈடு போயிருக்கு. வேற எங்க எங்க எந்தப் பொண்ணு சொல்லாம இருக்கோ, நமக்குத் தெரியாது." கடைசிப் பெட்டி கடந்தது. கேட் திறந்ததும் மெஹர்னிசா எஞ்சினைக் கிளப்பினாள்.

ஷெட்டு வாசலில் இறங்கியதும் மெஹர்னிசா சொன்னது இரண்டே விஷயம். நார் வேகாமல்தான் கசிந்திருக்கும், அதனால் திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்து, துணியைக் கிழித்துப் பஞ்சை எடுத்து மறுபடியும் வேக வைக்க வேண்டும். அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் செண்பகம் வந்து தன்னைப் பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நாரை வேக வைத்தது யார், ஏன் சரியாக வேகவில்லை என்ற கேள்வி அதுவரைக்கும் அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருக்காது.

மெர்சி ஓடி வந்தாள். "இன்னாக்கா ஆச்சி? ஒத்துக்கிச்சா அந்தப் பொண்ணு?"

செண்பகம் தரையில் உட்கார்ந்து முதல் பெட்டியின் டேப்பைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். தலையைத் தூக்காமல், பள்ளியில் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள். ஐப்பசியில் வேகாமல் இறக்கியதைப் பற்றி மேடத்திடம் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். மெர்சி எதிரில் குந்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடியிலேர்ந்தா?"

"ஆடியிலேர்ந்து."

மெர்சி கட்டைவிரலால் விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். ஆடி. ஆவணி. புரட்டாசி. ஐப்பசியில் விரல் நின்றது. அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தது. "அப்ப அன்னிக்கி உனக்கு ஒன்னுமில்ல" என்றாள்.

"ஒன்னுமில்ல."

"நேத்தும் ஒன்னுமில்ல."

செண்பகம் பெட்டியிலிருந்து முதல் உறையை எடுத்தாள். மெர்சி திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெர்சி ஊருக்கே கேட்கிற மாதிரி சண்டை போடக்கூடியவள். ஆனால் அவள் எழுந்து போய் ஒரு கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து இரண்டாவது பெட்டியைப் பிரித்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துணியைக் கிழித்து, பஞ்சைக் கூடையில் போட்டு, சீட்டுகளைத் தனியாகக் குவித்தார்கள். ஒவ்வொரு உறையிலிருந்தும் ஒரு செண்பகம் விழுந்துகொண்டே இருந்தது. ஆரோக்கியமேரி கடந்து போகும்போது ஏதோ கேட்க வந்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சீட்டுக் குவியலைத் தாண்டிப் போய்விட்டாள்.

பதினொன்றரை மணிக்கு அண்டாவில் தண்ணீர் சுட ஆரம்பித்தது. சோடா உப்பைப் போட்டு, பஞ்சைக் கொட்டி, செண்பகம் துடுப்பைக் கையில் எடுத்தாள். அப்போது பின்னால் சிமென்டுத் தரையில் பிளாஸ்டிக் தேய்கிற சத்தம் கேட்டது. மின்விசிறிக்குக் கீழிருந்த நாற்காலியை மெர்சி இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அண்டாவுக்கு நாலடி தள்ளி, ஆவி படாத இடமாகப் பார்த்து, சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டாள். ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடி மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள்.

"மூணு மணி நேரம்க்கா" என்றாள் கடிகாரத்தைப் பார்த்தபடி. "கொதி வந்ததுலேர்ந்து."

செண்பகம் கிளற ஆரம்பித்தாள். ஈரப்பஞ்சு கனத்தது. சற்று நேரத்தில் கொதி வந்தது. ஆவி முகத்தில் அடித்ததுமே உள்ளே இருந்தும் அந்தச் சூடு கிளம்பிக் கழுத்தில் ஏறியது, எது எந்தச் சூடு என்று பிரிக்க முடியாதபடி. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். முழங்கால் ஆரம்பித்துவிட்டது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றினாள். திரும்பிக் கடிகாரத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

பஞ்சோடு தவறி விழுந்த சீட்டு ஒன்று நுரையில் மேலே வந்தது. துடுப்பை நீட்டி அதை ஓரத்துக்குத் தள்ளி, அண்டா விளிம்பில் ஒட்ட வைத்தாள். வெந்நீரில் கிடந்தும் அச்சடித்த எழுத்து அப்படியே இருந்தது, 'அணிந்து பார்த்தவர்:' என்று. பக்கத்தில் ஊதா மை மட்டும் கரைந்து, விளிம்பு வழியாக ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.